நோயைக் காணும் கண்: மலையக வரலாற்றிலிருந்து சில குறிப்புகள்

நோயைக் கண்டறிதல் ஆய்வுகூட நுட்பம் மாத்திரமன்று. எவ்வுயிரின் நோய் முதலிற் கவனிக்கப்படுகின்றது, எவ்வுயிரின் நோய் வழமையான இருமலென ஒதுக்கப்படுகின்றது என்பவற்றை, உற்பத்தி உறவுகளில் அவ்வுயிர் பெறும் இடமே பெரிதும் நிர்ணயிக்கின்றது. மலையகத் தோட்டங்களின் வரலாற்றை இந்நோக்கில் அணுகுவது பயனுடையது.

வைரசு ஆய்வின் அண்மைக்கால வரலாற்றிலிருந்து ஓர் உதாரணத்தை முதலில் நோக்கலாம். 1970களின் பிற்பகுதியில் தென்னாபிரிக்காவின் வான்கோழிப் பண்ணைகளில் மூக்கொழுகலும் முகவீக்கமும் கொண்ட புதிய சுவாச நோயொன்று இனங்காணப்பட்டது. அதற்குக் காரணமான வைரசு இன்று பறவை மெற்றாநியூமோவைரசு என அழைக்கப்படுகின்றது. அதற்கு நெருங்கிய உறவுடைய மனித வைரசோ 2001இலேயே ஒல்லாந்துச் சிறுவரிடம் முதன்முதலாகக் கண்டறியப்பட்டது. சேமித்து வைத்த பழைய குருதி மாதிரிகளைச் சோதித்தபோது, 1958இலேயே அவ்வைரசு அங்கு பரவியிருந்தமை புலனாயிற்று. ஐந்து வயதை எட்டிய பிள்ளைகளுள் ஏறத்தாழ அனைவரும் அதன் தொற்றுக்கு உட்பட்டவரே. ஆய்வுகூடத்தில் அதனை வளர்ப்பது கடினமாயிருந்தமை உண்மை. ஆயினும், வான்கோழி நோயுற்றால் பண்ணையின் கணக்கேட்டில் அன்றே நட்டம் பதிவாகும்; பிள்ளையின் சளி எக்கணக்கேட்டிலும் பதிவாவதில்லை என்பதும் மறுக்கவியலாதது.

இவ்வொழுங்கினை மலையகம் ஒரு நூற்றாண்டுக்கு முன்னரே கண்டிருந்தது. 1869இல் மடுல்சீமையிற் கோப்பி இலைகளிற் செம்மஞ்சட் பொட்டுகள் தோன்றின. பேராதனைத் தாவரவியற் பூங்காவின் பணிப்பாளர் துவைட்ஸ் அவ்விலைகளை இங்கிலாந்துக்கு அனுப்பினார். அவ்வாண்டிலேயே அப்பங்கசு விஞ்ஞானப் பெயர் பெற்றது. 1880இல் மார்ஷல் வார்ட் என்னும் தாவரவியலாளர் இங்கு வந்து ஈராண்டுகள் அதனை ஆராய்ந்தார். மலைச்சரிவெங்கும் ஒரே பயிரை இடைவெளியின்றி நட்டமையே நோய் பரவ வழிசெய்தது என்பது அவ்வாய்விலிருந்து பெறப்பட்ட பாடம். கோப்பி அழிந்து தேயிலை வந்தபின், 1925இல் தேயிலை ஆராய்ச்சி நிறுவனம் தோற்றுவிக்கப்பட்டது. செடியின் இலையில் விழும் பொட்டினைக் காண மூலதனம் கண் படைத்திருந்தது.

தொழிலாளியின் நோயை அது முற்றாகக் காணாதிருக்கவில்லை. 1872ஆம் ஆண்டுச் சட்டமும் 1912இன் மருத்துவத் தேவைகள் கட்டளைச் சட்டமும் தோட்டங்களின் மருத்துவப் பொறுப்புகளை வரையறுத்தன. மண்டபம் முகாமிலே கடல் கடக்குமுன் தொழிலாளர் தடுத்து வைக்கப்பட்டுச் சோதிக்கப்பட்டனர். ஆனால் அங்கு தேடப்பட்டவை, துறைமுகத்தையும் தொழிலாளர் வரவையும் நிலைகுலையச் செய்யக்கூடிய வாந்திபேதி, அம்மை, கொள்ளைநோய் ஆகியனவே. வாயிலில் விழிப்பாயிருந்த கண் லயத்தினுள் மங்கிற்று. தோட்டத்து மரணப் பதிவுகளில் 'பலவீனம்' என்னும் பொதுச்சொல் எத்தனையோ சிசுக்களின் உண்மையான நோயை மூடி மறைத்தது.

1918–19 இன்புளுவென்சாப் பெருந்தொற்று இலங்கையில் ஏற்படுத்திய மக்கள் இழப்பு ஏறக்குறைய 3 இலட்சமெனப் பிற்கால ஆய்வு மதிப்பிடுகின்றது. மனித இன்புளுவென்சா வைரசு 1933இலேயே பிரித்தெடுக்கப்பட்டது. 'கோழிக் கொள்ளைநோய்' என வழங்கிவந்ததும் அவ்வினத்து வைரசே என்பது 1955இற் தெளிவாயிற்று. எனவே 1918இல் வைரசைக் காணவில்லையென எவரையும் குறைகூற முடியாது. எனினும், ஒரே அறையில் ஒரு குடும்பம் முழுவதும் அடுப்புப் புகையோடு உறங்கியமையைக் காண நுணுக்குக்காட்டி தேவையில்லை. இடைவெளியற்ற கோப்பிக் காடு, நெருக்கிய வான்கோழிக் கொட்டகை, நெருக்கிய லயம் ஆகிய மூன்றும் நோய்க்கு வழிதிறக்கும் ஒரே அமைப்பின் வேறுபட்ட வடிவங்களாம்.

2020இல் கொவிட் பரவியபோதும் அவ்வமைப்பு மாறியிருக்கவில்லை. ஊரடங்கு வேளையிலும் தேயிலைத் தொழில் தொடர அனுமதிக்கப்பட்டது. 'தனித்திருங்கள்' என்ற அறிவுரையைப் பின்பற்றத் தனியறை இல்லாதோரே கொழுந்து பறிக்கச் சென்றனர்.

இன்று பறவைகளின் சுவாச வைரசுகளைக் கண்டறியும் வழிகள் பல. தொண்டையிலும் கழிவாயிலும் பஞ்சினால் எடுக்கும் மாதிரி, குருதியிலுள்ள பிறபொருளெதிரிச் சோதனை, பி.சி.ஆர்., மரபணு வரிசையறிதல் என்பன அவற்றுட் சில. 1997இல் ஹொங்கொங்கில் 18 பேரைத் தொற்றி அவர்களுள் அறுவரைக் கொன்ற பறவைக் காய்ச்சல், 2006இல் மகாராஷ்டிரத்தின் நவாபூர்க் கோழிப் பண்ணைகளை அடைந்தது. இத்தகைய நோய்களை ஆராயும் அறிவு நமக்குத் தொலைவிலில்லை. மலையடிவாரத்திலே, கன்னொறுவையில், மிருக வைத்திய ஆராய்ச்சி நிறுவனம் உள்ளது. அருகே பேராதனையில் மிருக வைத்திய பீடம் உள்ளது.

ஆனால் பெரும்பண்ணையின் கொட்டகையோடு கண்காணிப்பு நின்றுவிடுமாயின், அது பண்டத்தின் காவலாகவே எஞ்சும். ஹற்றனிலும் நுவரெலியாவிலும் லயத்தின் பின்புறம் நான்கைந்து கோழி வளர்க்கும் குடும்பத்தில் மனிதரும் பறவையும் ஒரே முற்றத்திலேயே மூச்சுவிடுகின்றனர். அம்முற்றத்தில் இறந்த கோழியையும் அவ்வறையில் இருமும் பிள்ளையையும் ஒருசேரப் பதிவுசெய்யும் ஏற்பாடே உண்மையான முன்னறிதலாகும். அவ்வாறு பதிவுசெய்வதோடு காற்றோட்டமுள்ள வீட்டையும் நோயுற்ற நாளுக்குரிய வேதனத்தையும் வழங்குவதும் வேண்டும். வேதனம் வெட்டப்படுமென அஞ்சும் தொழிலாளி தன் காய்ச்சலை வெளிப்படுத்துவது அரிது. மறைக்கப்பட்ட காய்ச்சலை எக்கருவியும் கண்டறியாது.