ஏரியும் கால்வாயும்: சேர்வராயன் மலைப் படகுலாவும் நீர்க்கதவு ஒழுங்கும்

சேர்வராயன் மலைமேல் அமைந்த ஏற்காட்டுக்குச் செல்வோர் முதலிற் காண்பது அவ்வூரின் நடுவே கிடக்கும் ஏரியே. அதன்கண் இன்று தமிழ்நாடு சுற்றுலா வளர்ச்சிக் கழகத்தின் படகுகள் இயங்குகின்றன. கோடை விழாக் காலத்திற் படகுப் போட்டியும் நிகழ்வதுண்டு. இப்படகுலா ஆங்கிலேயர் கொணர்ந்த பழக்கம் என்றும், அவ்வூரே அவர் கண்டறிந்தது என்றும் பேச்சு வழக்கில் ஒருசேரக் கூறப்படுகின்றன. இவ்விரு கூற்றும் ஒன்றையொன்று தாங்கி நிற்பன. ஒன்றை அசைத்தால் மற்றதும் அசையும். ஆதலின் ஏரியின் பெயரிலிருந்து தொடங்கி, தமிழகத்தில் நீர்மேல் உலாவுதலும் நீர்க்கதவின்முன் காத்துநிற்றலும் எங்ஙனம் வளர்ந்தன என்பதை ஈண்டுச் சிறிது ஆராயப் புகுகின்றோம்.

முதற்கண் ஒரு பிழையைக் களைதல் வேண்டும். சர் தாமசு மன்றோ 1842-ஆம் ஆண்டில் இம்மலையைக் கண்டறிந்தார் என்று பலரும் எழுதுகின்றனர். சென்னை மாகாண ஆளுநராக இருந்த மன்றோ 1827-ஆம் ஆண்டு சூலைத் திங்களில் வாந்திபேதியால் இறந்தார். இறந்தவர் பதினைந்து ஆண்டு கழித்து மலை ஏறினார் என்பதை எவரும் நம்பார். எனினும் ஒருவர் எழுதியதை மற்றவர் பெயர்த்தெழுதி வருகின்றனர். மன்றோ 1792 முதல் 1799 வரை பாராமகால் நாட்டிற் பணியாற்றியவர். மலையைப்பற்றி அவர் அறிந்திருந்தால் அது அக்காலத்தேயாகும். சேலம் மாவட்டத்தின் ஆட்சித் தலைவராக 1820 முதல் 1829 வரை விளங்கிய காக்பர்ன் என்பாரே காப்பிப் பயிரை இம்மலைக்குக் கொணர்ந்தவர். எங்ஙனம் நோக்கினும் 1842 என்பது தொடக்கமாகாது. இனி, இவர்கள் எல்லார்க்கும் முன்னே அங்கு வாழ்ந்த மலையாளிகள் இருக்கின்றனர். மலையை ஆள்வோர் என்னும் பொருளில் வழங்கும் இப்பெயருக்கும் கேரள நாட்டுக்கும் தொடர்பில்லை. காஞ்சியிலிருந்து மூன்று உடன்பிறந்தார் புறப்பட்டு வந்தனர் என்பதும், அவருள் மூத்தவன் வழியினரே சேர்வராயன் மலையினர் என்பதும் அவர்தம் மரபுரை. மக்கள் வாழும் மலையைக் 'கண்டறிதல்' என்பது யார் கண்கொண்டு கூறும் சொல் என்பதை வரலாறு எழுதுவோர் எண்ணிப் பார்த்தல் நன்று.

ஊர்ப்பெயரும் இதற்குச் சான்று பகர்கின்றது. ஏரியும் காடும் சேர்ந்த இடம் ஏரிக்காடு. அது மருவி ஏர்க்காடு ஆயிற்று என்பது பெரும்பான்மையோர் கொள்கை. ஆயின் இன்று அரசு ஆவணத்திலும் பெயர்ப்பலகையிலும் 'ஏற்காடு' என வல்லின றகரமே காணப்படுகின்றது. ஏரி என்பதன் இகரம் குறைந்தால் எஞ்சுவது ரகர ஒற்றே. அது ககரத்தின்முன் றகரமாதற்கு விதியில்லை. லகர ஈறு வல்லெழுத்தின்முன் றகரமாகத் திரியுமாதலின், இவ்வெழுத்தை மெய்யெனக் கொள்வோர் 'ஏல்' என்றொரு நிலைமொழியைத் தேடுதல் வேண்டும். அத்தேட்டம் பயன் தருமென்று யாம் கருதவில்லை. க, ச, ப முன்னர் ரகர றகர ஒற்றுக்கள் பேச்சில் வேறுபாடின்றி ஒலிப்பதே இம்மயக்கத்துக்குக் காரணம். சங்க நூல்களில் அழிசி என்பானது ஊராகப் பேசப்படும் ஆர்க்காடும் பிற்காலத்தில் ஆற்காடு என்றே எழுதப்படலாயிற்று. இரண்டும் ஒரே பிழையின் இரு பிறப்பு. வழக்கூன்றிவிட்டமையின் இக்கட்டுரையிலும் ஏற்காடு என்றே எழுதுகின்றோம்.

பெயருள் ஏரி இருத்தலின், குடியேற்றத்துக்கு முன்பே நீர்நிலை இருந்தது என்பது பெறப்படும். உதகமண்டலத்து ஏரி கோயம்புத்தூர் ஆட்சித் தலைவர் சல்லிவன் 1823-ஐ ஒட்டிய ஆண்டுகளில் உண்டாக்கியது; கோடைக்கானல் ஏரி மதுரை ஆட்சித் தலைவர் லெவிஞ்சு 1863-இல் அமைத்தது. அவ்விரண்டும் ஊர் தோன்றியபின், அல்லது ஊரோடு, தோன்றியவை. ஏற்காட்டிலோ ஊர்தான் ஏரியின் பெயரைச் சுமக்கின்றது. இவ்வேறுபாடு சிறிதன்று.

இன்னுமொன்று. பொய்கை, சுனை, கயம் எனப் பல சொற்கள் இருக்க ஏரி என்னும் சொல்லைத் தமிழர் பெரும்பாலும் கரைகட்டித் தேக்கிய நீர்நிலைக்கே வழங்கினர். உத்தரமேரூரில் 919, 921-ஆம் ஆண்டுகளைச் சார்ந்த முதற் பராந்தகன் காலத்துக் கல்வெட்டுகள் ஏரிவாரியம் என்றொரு குழுவையே குறிக்கின்றன. ஏரியில் வண்டல் வாரிக் கரையிற் கொண்டு சேர்த்தற்கு ஓடம் இயக்கும் பொருட்டு அறக்கட்டளை வைத்த செய்தியும் சோழர்காலக் கல்வெட்டுகளில் உண்டு. எனவே தமிழகத்து ஏரியில் ஓடம் விடுதல் புதிதன்று. அது வேலைக்கு விட்ட ஓடம், உலாவுக்கு விட்டதன்று. வெள்ளையர் கொணர்ந்தது ஏரியுமன்று, ஓடமுமன்று. ஏரியின் ஓடத்தில் வேலையின்றி அமர்ந்திருக்கும் வழக்கமே எனின் ஓரளவு பொருந்தும். அதையும் முழுதும் ஒப்புதற்கு முன் ஆற்றுப் பக்கம் திரும்புதல் வேண்டும்.

வையையின் புதுப்புனல் விழாவைப் பரிபாடல் விரித்துரைக்கும். ஐங்குறுநூற்றில் புனலாட்டுப் பத்து என்றே ஒரு பகுதி உண்டு. அங்கெல்லாம் இன்பம் நீருக்குள் இறங்கி ஆடுவதில் உள்ளது. புணை அதற்குத் துணை. சிலப்பதிகாரத்துப் புறஞ்சேரியிறுத்த காதையில் வையைத் துறையில் குதிரை முகமும் யானை முகமும் அரிமா முகமும் உடைய அம்பிகள் இயங்குகின்றன. இத்துணை அழகு கடத்துதற் பொருட்டு மட்டும் அமைந்ததாகுமா? உல்லாசத்துக்கும் அவை பயன்பட்டிருத்தல் வேண்டும் என்பது எம் துணிபு. ஆயின் கோவலனும் கண்ணகியும் கவுந்தியடிகளும் அவற்றுள் ஏறாது மரப்புணையிலேயே அக்கரை அடைகின்றனர். இளங்கோவடிகள் இவ்விரண்டனையும் அடுத்தடுத்து வைத்தது வீணன்று.

சேர்வராயன் மலையில் படகோடும் ஆறு இல்லை. மலையின் நீர் இருவேறு திசையிற் பிரிகின்றது. திருமணிமுத்தாறும் சரபங்காவும் காவிரிக்குச் செல்வன. வாணியாறு தென்பெண்ணைக்குச் செல்வது. ஏரியின் மிகைநீர் கிளியூர் அருவியாய் வீழ்கின்றது. 5,326 அடி உயரத்திலுள்ள சேர்வராயன் குகைக் கோயிலில் மலைத்தெய்வத்தின் பக்கத்தே காவிரியம்மன் வீற்றிருத்தல் நோக்கத்தக்கது. குகை காவிரியோடு தொடர்புடையது என்று அங்குள்ளோர் நம்புவர். நிலத்தடி வழி இருப்பினும் இல்லாவிடினும், மலையில் பெய்த மழை காவிரியைச் சேரும் என்ற அறிவு அந்நம்பிக்கைக்குள் பொதிந்துள்ளது. இத்துணை உயரத்திலிருந்து சமவெளிக்கு நீர் குதித்து இறங்கலாம், படகு இறங்கவியலாது. படகும் இறங்குதற்கு மனிதன் கண்ட வழியே இரட்டை நீர்க்கதவு.

இவ்வமைப்பின் உள்ளுறை எளியது. மேல்நீருக்கும் கீழ்நீருக்கும் இடையே ஓர் அறை. அறைக்கு இரு தலையிலும் கதவு. படகு மேலிருந்து அறைக்குள் புகுந்ததும் பின்கதவை அடைத்து, முன்கதவின் சிறு திறப்பு வழியே நீரைக் கழியவிடுவர். அறைநீர் கீழ்நீரோடு ஒத்த பின்னரே முன்கதவு திறக்கும். அதற்குமுன் நீரின் அழுத்தமே அதனைத் திறக்கவொட்டாது. சீனத்தில் 984-ஆம் ஆண்டில் சியாவோ வெய்யூ என்னும் அதிகாரி இதனை முதலிற் சமைத்தார். அதற்குமுன் படகுகளைச் சரிவில் இழுத்து ஏற்றி இறக்கினர். அப்போது கலங்கள் உடைந்தன, அரசுக்குரிய தவசமும் களவு போயிற்று. களவைத் தடுக்கப் பிறந்த கருவி இது என்பது சுவையான செய்தி.

தமிழில் மதகு, மடை, தூம்பு, கலிங்கு எனச் சொற்கள் பல உள. மதகுநீர் தாங்கும் பலகைக்கு 'ஓ' என்னும் ஓரெழுத்து ஒருமொழியே உண்டு. இவை யாவும் நீரை விடுதற்கும் தடுத்தற்கும் உரியன. கலத்தைக் கடத்துதற்கு உரிய சொல் இல்லை. அமைப்பு இன்மையின் சொல்லும் இல்லையாயிற்று. ஆதலின் பக்கிங்காம் கால்வாயில் இது வந்தபோது ஆங்கிலச் சொல்லே 'லாக்' எனத் தமிழிற் புகுந்தது. சென்னையில் சேப்பாக்கத்தை அடுத்து லாக் நகர் உளது. கோட்டூர்ப்புரத்தில் லாக் தெரு உளது. கதவுகள் பயனற்றுப்போன பின்னும் பெயர்கள் நிற்கின்றன. ஏரிக்காட்டைப்போலவே இங்கும் நீரின் வரலாற்றை ஊர்ப்பெயரில்தான் தேடவேண்டியிருக்கிறது.

அக்கால்வாயின் தொடக்கம் 1806. பேசில் கொக்ரேன் என்பார் சென்னையிலிருந்து எண்ணூர்வரை வெட்டுவித்தார். 1837-இல் அரசு அதனை ஏற்றது. 1876 முதல் 1878 வரை நிகழ்ந்த பெரும் பஞ்சத்தில், கூலி கொடுத்து உயிர் காக்கும் வேலையாகக் கூவத்தையும் அடையாற்றையும் இணைக்கும் பகுதி வெட்டப்பட்டது. அந்நாள் ஆளுநர் பக்கிங்காம் கோமகன் பெயரே 1878-இல் கால்வாய்க்கு இடப்பட்டது. வெட்டியோர் பெயர் எதற்கும் இடப்படவில்லை. வடக்கே காக்கிநாடாவிலிருந்து தெற்கே மரக்காணம்வரை, ஆந்திர நாட்டுக் கால்வாய்களோடு சேர்த்து ஏறத்தாழ 796 கிலோமீட்டர் நீர்வழி அமைந்தது. இக்கால்வாய் ஆறுகளையும் கழிகளையும் குறுக்கே கடந்து செல்வது. கடல் ஓதம் ஏறும்போதும் இறங்கும்போதும் கால்வாய்நீர் நிலைத்திருக்கக் கதவுகள் வேண்டியிருந்தன. விறகும் உப்பும் நெல்லும் ஏற்றிய தோணிகள் அவற்றின்முன் காத்துநின்றன. கால்வாய்க்கும் துறைகளுக்கும் சென்னை மாகாணத்தில் 1890-இல் தனிச் சட்டமே இயற்றப்பட்டது.

நீர்க்கதவின் ஒழுங்கு சட்டத்தால் மட்டும் நடப்பதன்று. வந்த முறைப்படி புகுதல். வெளிவரும் கலம் முற்றும் வந்தபின் உட்செல்லுதல். கழியாற் கதவைத் தாக்காதிருத்தல். அறைக்குள் கட்டிய கயிற்றை நீர் இறங்க இறங்கத் தளர்த்தல் - இறுகக் கட்டிய படகு கயிற்றிலே தொங்கிக் கவிழும். இவையெல்லாவற்றினும் நுண்ணியது ஒன்றுண்டு. அறைநீர் எதிரே வரும் கலத்துக்கு ஏற்ற மட்டத்தில் இருப்பின், தாம் முந்தி வந்தாராயினும் அதற்கே இடம் விடுவர். இன்றேல் ஓர் அறை நீர் வீணே கழியும். இம்மரியாதை மனிதர்க்கன்று, நீருக்கு. கதவின்முன் யார் முந்துவது என்று படகோட்டிகள் கைகலந்த காலமும் இங்கிலாந்தில் இருந்தது. கூலி நேரத்தைப் பொறுத்ததன்றோ! ரோல்ட் என்பார் 1944-இல் வெளியிட்ட நூலும், 1946-இல் தோன்றிய உள்நாட்டு நீர்வழிச் சங்கமும் அந்நாட்டுக் கால்வாய்களை உல்லாசப் படகினர்க்கு உரியனவாக்கின. தொழிலாளர் உண்டாக்கிய ஒழுங்கை விடுமுறையினர் மரபுரிமையாகப் பெற்றனர்.

நம் கால்வாய்க்கு அவ்வாய்ப்பு நேரவில்லை. எனினும் உல்லாச உலா ஒன்றேனும் இலக்கியத்தில் நிலைபெற்றது. பாரதிதாசன் 1934-இல் தோழர்களோடு சென்னையிலிருந்து மாமல்லபுரத்துக்கு இக்கால்வாயில் இரவிற் படகேறிச் சென்றார். வரலாற்றறிஞர் மயிலை சீனி. வேங்கடசாமியும் உடனிருந்தார். 'மாவலிபுரச் செலவு' என்னும் பாட்டு அப்பயணத்தின் பயன். அதனை இயற்கை வருணனையாக மட்டும் பாடஞ்சொல்லுதல் போதாது. கரையிலே கயிறு கட்டி இழுப்பவனையும் கழியூன்றித் தள்ளுபவனையும் கவிஞர் காண்கின்றார்; அவர்தம் உழைப்புக் கண்ட பின் உலாவின் இன்பம் முன்போல் இருக்கவில்லை. மரப்புணையையும் முகப்படகையும் அருகருகே வைத்த இளங்கோவடிகளின் பார்வையோடு இதனை ஒப்பிட்டு ஆராய்வார் ஆராய்க.

பின்னர் இருப்புப்பாதையும் சாலையும் சரக்கைக் கவர்ந்தன; 1960-களின் நடுவில் வீசிய புயல்கள் கால்வாயைச் சிதைத்தன. சென்னையுள் 1990-களில் பறக்கும் இரயிலின் தூண்கள் கால்வாயுள்ளேயே ஊன்றப்பட்டன. அதனைத் தன்னுட் கொண்ட நீர்வழி 2008-இல் நான்காம் தேசிய நீர்வழியாக அறிவிக்கப்பட்டமை இத்தூண்களுக்குப் பின்னர் நிகழ்ந்தது!

மலையடிவாரத்துக்கு மீள்வோம். சேலம் மாவட்டத்துப் பூலாம்பட்டியில் காவிரிக்குக் குறுக்கே நிற்பதனை ஊரார் 'கதவணை' என்பர். செப்பமான தமிழ்ச்சொல். அது தேக்கிய நீரிற் பூலாம்பட்டிக்கும் எதிர்க்கரை நெரிஞ்சிப்பேட்டைக்கும் இடையே படகுகள் செல்கின்றன. வேலைக்குச் செல்வோரும் வேடிக்கை பார்க்க வந்தோரும் ஒரே பலகையில் அமர்கின்றனர். கரைக்குக் கரை செல்வதன்றி அணையைக் கடந்து கீழிறங்கும் வழி படகுக்கு இல்லை. லாக் என்பதற்குத் தமிழ்ச்சொல் ஆக்க விழைவோர் இக்கதவணை என்னும் சொல்லினின்றே தொடங்கலாம்; இரட்டைக் கதவின் இடைப்பட்ட அறையைக் 'கதவறை' எனின் பொருள் தெளிவாகும் என்று யாம் கருதுகின்றோம்.

ஏற்காட்டு ஏரியிற் கதவறை இல்லை. இருத்தற்குக் காரணமும் இல்லை. ஆயின் துறையில் வரிசையாக நிற்றல், இறங்குவோர் இறங்கியபின் ஏறுதல், படகின் நடுவே சமனாக அமர்தல், மிதிபடகினர் துடுப்புப் படகுக்கு வழிவிடல் ஆகியவை கதவின்முன் கற்ற ஒழுங்கோடு ஒத்த இயல்பின. மழைக்காலத்து மாலையொன்றில் யாம் அத்துறையில் நின்றபோது, படகுக்காரர் ஒருவர் படகைக் கட்டிய கயிற்றைச் சற்றே நெகிழ்த்திவிட்டார். காரணம் வினவினோம். இரவில் ஏரி ஏறும், இறுகக் கட்டினால் படகு முகம் கவிழும் என்றார்.