அஞ்சலட்டைகளும் ஒரு மைக்கா நகரமும்

மக்கள் எதைக் கேட்க வேண்டும் என்று அரசாங்கம் தீர்மானிக்க முற்பட்டபோது மக்கள் என்ன செய்தனர் என்பதை அறிய, 1952ஆம் ஆண்டின் இந்தியாவை நோக்குதல் தகும். அவ்வாண்டு தகவல் ஒலிபரப்பு அமைச்சராகப் பதவியேற்ற பி. வி. கேஸ்கர் சாஸ்திரிய சங்கீதத்தில் ஆழ்ந்த பற்றுடையவர். சினிமாப் பாட்டு இரசனையைக் கெடுக்கும் நச்சு என்பது அவர் துணிபு. அகில இந்திய வானொலியில் அப்பாடல்களுக்குரிய நேரம் சுருங்கிற்று. படத்தின் பெயரைச் சொல்வதும் விளம்பரமென மறுக்கப்பட்டது. படத் தயாரிப்பாளர் தம் அனுமதியை மீட்டுக்கொள்ளவே, சில மாதங்களில் பாடல்கள் ஏறத்தாழ மறைந்தே போயின.

சாஸ்திரிய சங்கீதம் போற்றப்பட வேண்டியதே. ஆனால் அதனைப் பயிலும் வாய்ப்பைத் தலைமுறை தலைமுறையாகப் பெறாதவரிடம், அவர்தம் பாட்டைப் பறித்துவிட்டு இதைக் கேள் என்பது கல்வியாகுமா?

அலைகளுக்கு எல்லைக்காவல் கிடையாது. பிரித்தானியரின் தென்கிழக்காசியப் படைத் தலைமை போர்க்காலத்தில் தன் சிப்பாய்களுக்கென நிறுவிய வானொலி, 1949இல் இலங்கை அரசின் கைக்கு வந்திருந்தது. ஏக்கலையிலிருந்த அதன் வலிமைமிக்க சிற்றலைக் கருவியின் ஒலி வட இந்தியா முழுவதும் தெளிவாகக் கேட்டது. 1952 டிசம்பரில் ‘பினாக்கா கீத்மாலா’ தொடங்கியது. அமீன் சயானி பம்பாயில் பேசிப் பதிவு செய்த நாடாக்கள் விமானமேறிக் கொழும்புக்கு வந்தன. சகோதரர்களுக்கு முன் சகோதரிகளை விளித்த அந்தக் குரலுக்காகப் புதன்கிழமை இரவுகளில் தேநீர்க் கடை வாசல்களில் கூட்டம் நின்றது. சயானி பின்னாளில் கூறியபடி, முதல் நிகழ்ச்சிக்கே 9,000 கடிதங்கள். விரைவில் அவை வாரத்துக்கு 65,000 ஆயின. எந்தப் பாட்டு முதலிடம் பெறுமென நண்பர் தம்முள் வாதிட்டனர். நேயர் மன்றங்கள் கூடித் தம் தெரிவை எழுதியனுப்பின. அம்மன்றங்களின் வாக்கும் இசைத்தட்டு விற்பனையும் வரிசையை நிர்ணயித்தன.

அந்த வரிசைதான் வியப்பூட்டுவது. 1954இல் முதலிடம் பெற்ற ‘டாக்ஸி டிரைவர்’ பாடலை எழுதியவர் சாஹிர் லூதியான்வி, 1955இல் ‘ஸ்ரீ 420’ பாடலை எழுதியவர் பம்பாய் இரயில்வே பட்டறைத் தொழிலாளியாயிருந்த சைலேந்திரா, 1956இல் ‘சி.ஐ.டி.’ பாடலை எழுதியவர் நேருவை எள்ளிய கவிதைக்காகச் சிறை சென்ற மஜ்ரூஹ் சுல்தான்புரி. மூவரும் முற்போக்கு இலக்கிய அணியினர்! பாமர இரசனை என்று பழிக்கப்பட்டது தேர்ந்தெடுத்தது இவர்களையே.

எனினும் இதனை மக்கள் வெற்றியென முழங்கிவிட முடியாது. மக்களுக்கு மேடையமைத்துக் கொடுத்தது சீபா என்னும் சுவிஸ் நிறுவனத்தின் பற்பசை. அரசு அடைத்த கதவை வாணிகம் திறந்தது. தன் இலாபம் கருதியே திறந்தது.

நேயர் விருப்ப நிகழ்ச்சிகளுக்கு வந்த அஞ்சலட்டைகளில் ஓர் ஊரின் பெயர் ஓயாது ஒலித்தது: ஜும்ரீ திலையா. அப்போது பீஹாரைச் சேர்ந்திருந்த (இன்று ஜார்கண்டிலுள்ள) இச்சிறு நகரின் இரசிகர், யாருடைய பெயர் அதிகம் வாசிக்கப்படுகிறது என்று போட்டியிட்டே எழுதினர். போட்டியாளரின் கடிதங்களைத் தபாலில் மறித்தவர்களும் உண்டு என்பர். அப்படி ஓர் ஊரே இல்லை, அது வானொலிக்காரரின் கற்பனை என்று நெடுங்காலம் நம்பியவரும் பலர்.

ஊர் இருந்தது, அதன் வாழ்வு மைக்காவால் அமைந்திருந்தது. காக்காப்பொன் என்று நம்மவர் வழங்கும் அக்கனிமம், மின்காப்புக்காக வானொலி வால்வுகளுக்குள்ளேயே வைக்கப்பட்டது. அதனை வெட்டியவர் சுரங்கக் கூலிகள். குடிசைத் திண்ணைகளிலிருந்து கத்தியால் ஏடு ஏடாகப் பிரித்தவர் பெண்களும் சிறுவரும். வானொலிப் பெட்டி வாங்கவும் நாள்தோறும் அஞ்சலட்டை எழுதவும் வசதி பெற்றிருந்தவர் வேறு. அவர்களுள் மைக்கா வணிகர் இருந்தனர். திண்ணையிலிருந்தவர் எந்தப் பாட்டை விரும்பினர் என்று எழுதியனுப்ப எவருமில்லை.

டில்லி இறங்கி வந்தது 1957 அக்டோபர் 3ஆம் நாள். ‘விவித பாரதி’ தொடங்கிச் சினிமாப் பாட்டு அரசு வானொலிக்கு மீண்டது. கேஸ்கர் அப்போதும் அமைச்சராகவே இருந்தார். ஜும்ரீ திலையாவின் அஞ்சலட்டைகள் அங்கும் போய்க் குவிந்தன.