நியூபோர்ட்டின் இரண்டு பள்ளங்கள்

அமெரிக்காவின் வெர்மான்ட் மாநிலத்தில், கனடா எல்லையை ஒட்டி, நியூபோர்ட் என்று ஒரு ஊர் இருக்கிறது. பெயருக்கு அது நகரம். 2020 கணக்கெடுப்பில் மக்கள்தொகை 4,455தான். ஊருக்கு முன்னால் மெம்ப்ரமேகாக் என்ற ஏரி. வாயில் நுழையாத பெயர்தான்! அந்த மண்ணின் பூர்வகுடிகளான அபெனாக்கி மக்களின் மொழியில் 'பரந்து விரிந்த நீர்' என்று பொருள் சொல்கிறார்கள். நீளம் சுமார் 50 கிலோமீட்டர். தெற்கு முனை மட்டும் அமெரிக்காவில், பெரும்பகுதி கனடாவின் கியூபெக் மாகாணத்தில். குளிர்காலத்தில் இந்த ஏரி உறைந்துவிட்டால் அதன் மேல் ஆட்கள் நடப்பார்கள், வண்டி ஓட்டுவார்கள், சின்னக் குடில் போட்டு, ஐஸில் துளையிட்டு மீன் பிடிப்பார்கள்.

2015 பிப்ரவரியில் இந்த ஏரியின் ஐஸை ரம்பத்தால் அறுத்து, 25 மீட்டர் நீளத்துக்கு ஒரு நீச்சல் குளம் வெட்டினார்கள். அதில் நீந்துவதற்காகவே பல ஊர்களிலிருந்து ஆட்கள் வந்தார்கள். அதே 2015இல், ஏரியிலிருந்து கூப்பிடு தூரத்தில் இருக்கும் கடைத்தெருவில் வேறு சிலர் ஒரு வரிசைக் கட்டடங்களை இடித்துப் பெரிய பள்ளம் ஒன்றைத் தோண்டினார்கள். முதல் பள்ளம் திருவிழாவானது. இரண்டாவது பள்ளம் கோர்ட்டுக்குப் போனது. இந்த ஊரின் சமீப கால வரலாறு இந்த இரண்டுக்குள்ளேயே அடங்கிவிடுகிறது.

கொஞ்சம் பின்னால் போய்ப் பார்க்கலாம். 1863இல் ரயில் பாதை வந்த பிறகுதான் நியூபோர்ட் வளர்ந்தது. கனடாவிலிருந்து வரும் மரங்களை அறுத்து அனுப்பும் ஆலைகள் இருந்தன. பாஸ்டன் போன்ற நகரங்களிலிருந்து பணக்காரர்கள் கோடைக்கு வந்து தங்க மெம்ப்ரமேகாக் ஹவுஸ் என்ற ஹோட்டல் ஏரிக்கரையில் இருந்தது. அவர்களை ஏற்றிக்கொண்டு 'லேடி ஆஃப் தி லேக்' என்ற நீராவிக் கப்பல் கனடாப் பக்கம் போய் வந்தது. 1907இல் அந்த ஹோட்டல் எரிந்து போனது. பிறகு மரத் தொழில் தேய்ந்தது, கார் வந்ததும் ரயிலும் தேய்ந்தது. வெர்மான்ட்டின் இந்த வடகிழக்கு மூலைக்கு 'வடகிழக்கு ராஜ்ஜியம்' என்று கம்பீரமான பெயர் ஒன்று உண்டு. ஆனால் அந்த மாநிலத்திலேயே ஏழ்மையான பகுதி இதுதான். ராஜ்ஜியத்தில் பெயர் மட்டும்தான் மிச்சம்.

உறையும் குளிரில் நீந்துவது நியூபோர்ட்காரர்கள் கண்டுபிடித்த சமாசாரம் இல்லை. பின்லாந்திலும் ரஷ்யாவிலும் ஐஸில் துளை போட்டு முங்கி எழுவது பழைய பழக்கம். நியூயார்க்கின் கோனி தீவில் 1903 முதல் ஒரு 'பனிக்கரடி' சங்கம் இருக்கிறது. லண்டன் ஹைட் பார்க்கில் கிறிஸ்துமஸ் காலையில் நடக்கும் நீச்சல் பந்தயம் 1864இல் தொடங்கியது. 2000ஆம் ஆண்டில் பின்லாந்தின் ஹெல்சின்கியில் குளிர்கால நீச்சலுக்கு உலகப் போட்டியே நடத்தினார்கள். ஆனால் அமெரிக்காவில் பெரும்பாலும் புத்தாண்டு அன்று 'ஓ' என்று கத்திக்கொண்டு ஓடிப்போய்க் கடலில் விழுந்து எழுந்து வருவதோடு சரி. தடம் பிரித்து, தூரம் அளந்து, கடிகாரம் வைத்து, அதுவும் உறைந்த ஏரிக்குள் குளம் வெட்டிப் போட்டி நடத்துவது அங்கே புதுசு.

அதைச் செய்தவர் ஃபில் வைட் என்ற முன்னாள் வழக்கறிஞர். 'கிங்டம் கேம்ஸ்' என்ற பெயரில் அந்தப் பகுதியின் ஏரிகளில் கோடைக்கால நீச்சல் போட்டிகளை நடத்திக்கொண்டிருந்தவர். நியூபோர்ட்டிலிருந்து கனடாவின் மேகாக் நகர் வரை 25 மைல் நீந்தும் போட்டியும் அதில் ஒன்று. (கரையேறும் இடத்தில் நீச்சலுடையோடு குடிநுழைவு அதிகாரிகளைப் பார்க்க வேண்டும்!) கோடையில் வந்து நீந்தும் அதே கூட்டத்தைப் பிப்ரவரியிலும் வரவழைக்கலாம் என்று அவர் கணக்குப் போட்டது பலரும் செய்யத் துணியாத காரியம்தான்.

குளம் வெட்டுவது லேசான வேலை இல்லை. 25 மீட்டர் நீளம், 5 மீட்டர் அகலம், ஐஸின் தடிமன் 60 சென்டிமீட்டர் என்று வைத்துக்கொள்வோம். 75 கன மீட்டர் வருகிறது. ஏறத்தாழ 70 டன் ஐஸ்! ரம்பத்தால் பாளம் பாளமாக அறுத்து, ஒவ்வொன்றாக அப்புறப்படுத்த வேண்டும். வெட்டி முடித்துவிட்டுத் தூங்கப் போக முடியாது. ராத்திரியே மேலே மறுபடி ஐஸ் பூத்துவிடும். தண்ணீரை ஓயாமல் கலக்கிவிட்டுக்கொண்டே இருக்க வேண்டும், காலையில் மிதக்கும் சில்லுகளை வலை போட்டு அள்ள வேண்டும்.

இந்த அறுக்கும் வேலைக்கு அந்த வட்டாரத்தில் பழைய வரலாறு உண்டு. குளிர்சாதனப் பெட்டி வருவதற்கு முன்னால் நியூ இங்கிலாந்து முழுக்கக் குளிர்காலத்தில் ஏரி ஐஸை அறுத்து, மரத்தூளில் புதைத்து, கோடையில் விற்பார்கள். பாஸ்டன்காரரான ஃபிரெடரிக் டியூடர் அதை உலக வியாபாரமாகவே ஆக்கினார். 1833இல் அவர் கல்கத்தாவுக்கு அனுப்பிய கப்பலில் ஏறியது 180 டன். நாலு மாதக் கடல் பயணம் முடிந்து வந்து சேர்ந்தது சுமார் 100 டன். கரைந்தது போக மிச்சத்திலேயே லாபம் பார்த்த மனிதர்! 1842இல் மதராஸிலும் கிடங்கு கட்டினார். திருவல்லிக்கேணிக் கடற்கரையில் இன்று விவேகானந்தர் இல்லமாக இருக்கும் 'ஐஸ் ஹவுஸ்' அதுதான். அந்த ஐஸ் பாஸ்டனைச் சுற்றியுள்ள குளங்களில் அறுத்தது. மெம்ப்ரமேகாக் அதற்கெல்லாம் ரொம்ப வடக்கே இருக்கிறது. ஆனால் வேலை ஒன்றுதான். அன்று பாளத்தை விற்றார்கள், துளையைக் கண்டுகொள்ளவில்லை. நியூபோர்ட்டில் துளைதான் சரக்கு.

சரி, எப்படி நீந்துகிறார்கள்? குளத்தில் இரண்டே தடங்கள். ஒரு முறைக்கு இரண்டு பேர். சாதாரண நீச்சலுடை, தொப்பி, கண்ணாடி. உடம்பை மூடும் ரப்பர் உடைக்கு அனுமதி இல்லை. மேலேயிருந்து குதிக்கக் கூடாது, ஏணி வழியாக இறங்கி, தண்ணீரில் நின்றபடிதான் தொடங்க வேண்டும். இதற்குக் காரணம் இருக்கிறது. உறைநிலையை ஒட்டிய தண்ணீரில் திடீரென்று இறங்கினால் உடம்பு தானாகவே மூச்சை 'ஹக்' என்று உள்ளே இழுக்கும். அந்த நொடியில் தலை தண்ணீருக்குள் இருந்தால் நுரையீரலுக்குள் தண்ணீர் போய்விடும். உடம்பு வெப்பம் இறங்கிச் சாக அரை மணி நேரத்துக்கு மேல் ஆகலாம், ஆனால் இந்த முதல் ஒன்றிரண்டு நிமிஷத்திலேயே ஆள் போய்விடுவது உண்டு. பழகப் பழக இந்த அதிர்ச்சி குறையும். அதனால்தான் தெரிந்தவர்கள் இலையுதிர் காலத்திலிருந்தே கொஞ்சம் கொஞ்சமாகத் தண்ணீரோடு பழகிக்கொண்டு வருகிறார்கள். யாராவது நீந்தும்போது கரையோரமாக ஒருவர் கூடவே நடந்து வருவார், ஏதாவது ஆனால் தூக்க. வெளியே வந்த பிறகும் ஆபத்து தீர்ந்துவிடாது. கை கால்களில் இருக்கும் குளிர்ந்த ரத்தம் உள்ளே திரும்பும்போது உடம்பின் சூடு இன்னும் இறங்கும். நடுக்கம் அப்போதுதான் ஆரம்பிக்கும்.

25 மீட்டரில் தொடங்கி 200 மீட்டர் வரை தூரங்கள் உண்டு. வருகிறவர்களில் நடு வயதைத் தாண்டியவர்கள் நிறைய. எல்லோரும் ஆவலாக எதிர்பார்ப்பது தொப்பிப் போட்டியைத்தான். விதவிதமான வேடிக்கைத் தொப்பிகளை மாட்டிக்கொண்டு, அது நனையாமல் தலையைத் தூக்கியபடி 25 மீட்டர் தவளை நீச்சல் அடிக்க வேண்டும். வேகத்தை விடத் தொப்பிக்குத்தான் கைதட்டல் அதிகம். எட்டி நின்று பார்த்தால் பைத்தியக்காரத்தனம் என்று தோன்றும், ஆனால் ஊர்க்காரர்கள் கூடி நின்று சிரிப்பதற்கு இது போதும்.

இப்போது அந்த இரண்டாவது பள்ளம்.

அமெரிக்காவில் இபி-5 என்று ஒரு குடியேற்றத் திட்டம் 1990 முதல் இருக்கிறது. வேலையில்லாத் திண்டாட்டம் அதிகமுள்ள பகுதியில் ஒரு வெளிநாட்டுக்காரர் 5 லட்சம் டாலர் முதலீடு செய்து 10 பேருக்கு வேலை உருவாக்கினால் அவருக்கு கிரீன் கார்டு கிடைக்கும். (தொகை பின்னர் 8 லட்சமாக உயர்ந்தது.) நியூபோர்ட்டுக்குப் பக்கத்தில் ஜே பீக் என்ற பனிச்சறுக்கு மலை இருக்கிறது. அதன் உரிமையாளர் ஏரியல் கிரோஸும் தலைவர் பில் ஸ்டெங்கரும் இந்த வழியில் உலகம் முழுக்கப் பணம் திரட்டினார்கள். 2012இல் ஊருக்கு அவர்கள் சொன்ன திட்டம் பிரமாண்டமானது. ஹோட்டல், படகுத் துறை, கடைத்தெருவில் புது வணிக வளாகம், ஒரு உயிரி மருந்து ஆய்வுக்கூடம், ஆயிரக்கணக்கில் வேலை. மாநில அரசின் பெரிய தலைகளும் கூட நின்றார்கள். யார்தான் நம்ப மாட்டார்கள்?

வளாகத்துக்காகக் கட்டடங்கள் இடிக்கப்பட்டன. 2016 ஏப்ரலில் அமெரிக்கப் பங்குச் சந்தை ஆணையம் வழக்குப் போட்டது. திரட்டியது 35 கோடி டாலருக்கு மேல், அதில் 20 கோடிக்கு மேல் முறைகேடு என்பது குற்றச்சாட்டு. புதிய முதலீட்டாளரின் பணத்தை எடுத்துப் பழைய திட்டத்தின் ஓட்டையை அடைத்திருக்கிறார்கள். சீட்டுக் கம்பெனிக் கதைகள் கேட்டவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. மருந்து ஆய்வுக்கூடம் கட்டப்படவே இல்லை. அந்த மோசடிக்காக 2022இல் கிரோஸுக்கு 5 ஆண்டும் ஸ்டெங்கருக்கு 18 மாதமும் சிறைத் தண்டனை விதித்தார்கள். கடைத்தெருப் பள்ளம் வேலியோடு பல ஆண்டுகள் அப்படியே கிடந்தது. ஊர்க்காரர்கள் அதற்கு வைத்த பெயர் 'குட்டி பெய்ரூட்'.

நீச்சல் விழா இந்த நஷ்டத்தை ஈடுகட்டிவிட்டது என்று யாராவது எழுதினால் நம்ப வேண்டாம். ஒரு வார இறுதி, சில டஜன் நீச்சல்காரர்கள், அவர்களோடு வரும் குடும்பம், நிரம்பும் சில அறைகள், ஏரிக்கரை உணவகத்தில் கூட்டம். அவ்வளவுதான் வரவு. ஆனால் செலவுப் பக்கத்தையும் பார்க்க வேண்டும். மூலதனம் என்று பார்த்தால் ரம்பமும் ஆள் பலமும்தான், கச்சாப் பொருள் வானத்திலிருந்து இலவசம். சொன்ன சொல்லை நிறைவேற்ற முடியாவிட்டால் போவது ஒரு வருஷத்து விழா மட்டுமே. யாருடைய ஆயுள் சேமிப்பும் அதில் இல்லை. 5 லட்சம் டாலர் கட்டிவிட்டுக் கிரீன் கார்டுக்காகக் காத்திருந்தவர்களின் நிலைமை அப்படி இல்லை. 74 நாடுகளைச் சேர்ந்தவர்கள் அந்தப் பட்டியலில் இருந்தார்கள்.

விழாவுக்கும் சோதனைகள் வராமல் இல்லை. கொரோனாவுக்காக 2020 மார்ச்சில் எல்லை மூடப்பட்டது. அவசியப் பயணம் தவிர மற்றவற்றுக்காகக் கனடாக்காரர்கள் தரை வழியாக அமெரிக்காவுக்குள் வர 2021 நவம்பர் வரை முடியவில்லை. ஒரே ஏரியின் இரண்டு கரையில் இருந்தவர்கள் ஒருவரையொருவர் பார்க்க முடியாமல் போனார்கள்.

இன்னொரு சோதனை மெதுவாக வருகிறது. குளம் வெட்ட வேண்டுமென்றால் ஆட்களையும் வண்டிகளையும் தாங்கும் கனத்துக்கு ஐஸ் வேண்டும். அதே மாநிலத்தின் மேற்கு எல்லையில் இருக்கும் சாம்ப்லைன் ஏரி 19ஆம் நூற்றாண்டில் அநேகமாக ஒவ்வொரு குளிர்காலமும் கரைக்குக் கரை உறைந்தது. இப்போது அப்படி உறைவது அபூர்வமாகிவிட்டது. மெம்ப்ரமேகாக் சிறியது, ஆழமும் குறைவு, அதனால் இன்னும் உறைகிறது. ஒவ்வொரு ஜனவரியிலும் குளம் வெட்டுகிறவர்கள் முதலில் செய்யும் வேலை, ஐஸில் துளை போட்டு அளவுகோலை உள்ளே விட்டுப் பார்ப்பது.