பொம்பெயி அடுப்பில் 81 ரொட்டிகள்

வீட்டுத் தோட்டத்தில் பீட்சா சுடச் செங்கல் அடுப்பு கட்டுவோர் இன்றும் பின்பற்றும் அமைப்பு ஏறத்தாழ ஈராயிரம் ஆண்டுப் பழைமையுடையது.

கி.பி. 79இல் வெசூவியஸ் எரிமலை வெடித்து, இத்தாலியின் பொம்பெயி நகரைச் சாம்பலில் புதைத்தது. 1862இல் அங்கு ஒரு ரொட்டிக்கூடத்தை அகழ்ந்தபோது, அடுப்பினுள் கரியாகிப்போன 81 ரொட்டிகள் கிடைத்தன. அவற்றை எடுக்க எவரும் வரவில்லை. அடுப்போ நிலைத்து நின்றது.

அதன் நுட்பம் எளியது. உள்ளே விறகெரித்தால் செங்கல் வெப்பத்தைத் தேக்கிக்கொள்ளும். குவிந்த கூரை அதனைத் தளத்தின்மீது திருப்பும். திட்டமிடும்போது வாயிலின் உயரத்தைக் கூரை உயரத்தில் ஏறத்தாழ 63 விழுக்காடாக வைப்பது கட்டுவோர் வழக்கம். கூடினால் வெப்பம் வெளியேறும். குறைந்தால் தீ காற்றின்றித் திணறும்.

வரலாற்றுப் பாடத்தில் பேரரசர்களின் பெயர்களோடு இந்த 81 ரொட்டிகளையும் சொல்லுவோம். பசியறிந்த பிள்ளைகள் அதனை மறக்கமாட்டார்கள்.