ஞாயும் கொம்மாவும்



சில ஆண்டுகளுக்கு முன் யாழ்ப்பாணத்து மாணவன் ஒருவன் தன் கட்டுரையில், "கொம்மா எங்கை எண்டு பக்கத்து வீட்டு ஆச்சி கேட்டா" என்று எழுதியிருந்தான். கொச்சைச் சொல் எனச் சிவப்பு மையாற் கோடிட்டு, "உன் தாய்" எனத் திருத்தினேன். அவன் ஒன்றும் பேசவில்லை. ஆயினும் அத்திருத்தம் சரிதானா என்ற ஐயம் என்னை விட்டகலவில்லை.

பண்டைத் தமிழில் "தாய்" என்பது எல்லோர்க்கும் பொதுவான சொல்லன்று. என் தாய், யாய். உன் தாய், ஞாய். அவன் தாயும் அவள் தாயுமே தாய். குறுந்தொகையின் 40ஆம் பாட்டிலே தலைவன் தன் அன்னையையும் தலைவியின் அன்னையையும் குறிப்பிடுமிடத்து, யாய், ஞாய் என்னும் இரு சொற்களும் அருகருகே நிற்கின்றன. என், உன் என்ற அடை அங்கே வேண்டப்படவில்லை. உறவும் உரிமையும் ஒரு சொல்லுள்ளே அடங்கியிருந்தன.

தந்தைக்கும் இதுவே முறை. என் தந்தை, எந்தை. உன் தந்தை, நுந்தை. பிறர் தந்தை, தந்தை. சொல்லின் முதலிற் குற்றியலுகரம் வருவது முறைப்பெயரிடத்தே எனத் தொல்காப்பியத்து மொழிமரபு கூறும். உரையாசிரியர் அதற்குக் காட்டும் உதாரணம் நுந்தை என்பதேயாகும். தமக்கை, தமையன் என்பவற்றின் முதலிலும் "தம்" என்பது இன்றும் ஒட்டி நிற்கக் காணலாம்.

காலப்போக்கில் யாயும் ஞாயும் வழக்கிழந்தன. பிறர்க்குரிய தாயும் தந்தையும் எல்லோர்க்கும் பொதுவாயின. சொற்கள் மறைந்தன, ஆனால் அந்த முறை முற்றாக மறைந்ததா?

யாழ்ப்பாணத்துப் பெரியோர் சிறுவரை நோக்கி, கொம்மா, கொப்பர், கொண்ணன், கொக்கா என்பர். "உங்கள்" என்பதன் ககரம் அம்மாவோடும் அப்பரோடும் ஒட்டி ஒரு சொல்லாயிற்று. "என் கொம்மா" என்று எவரும் கூறார். கூறினால் சிறு குழந்தையும் நகைக்கும். ஒலி வேறாயினும், ஞாய், நுந்தை என்பவற்றின் இலக்கணமே அங்கு வாழ்கின்றது.

பெரியோரிடத்து இச்சொற்களை வழங்குதல் மரியாதையன்று. பரீட்சைக் கட்டுரைக்கும் இவை பொருந்தா. ஆயினும் பழைய கணக்கின்படி பார்த்தால், "உன் தாய்" என்று நான் எழுதிய திருத்தத்துக்கு "உன்னுடைய, அவன் தாய்" என்றன்றோ பொருளாகும்! பிழை எவருடையது?

இன்று எம் பிள்ளைகளிடையே இச்சொற்கள் அருகி வருகின்றன. அதற்கு என் போன்ற ஆசிரியரின் சிவப்பு மையும் ஒரு காரணமே. இனி ஒரு மாணவன் அவ்வாறு எழுதினால், கோடிடுமுன் அவனுக்கு ஞாயின் கதையைச் சொல்வேன்.