சுடாத துப்பாக்கி
ராஜபாளையம், ஸ்ரீவில்லிபுத்தூர் பக்கம் வெடி வெடிக்கலன்னா 'நமத்துப்போச்சு' என்பார்கள். பூலித்தேவர் காலத்தைப் படிக்கும்போது அந்தச் சொல்தான் ஞாபகம் வந்தது.

1755இல் கர்னல் ஹெரான் நெற்கட்டுஞ்செவலுக்குப் படையோடு வந்தபோது பாளையக்காரர்களிடம் இருந்தது திரித்துப்பாக்கி. அது சுடாமல் போக மூன்று காரணம். திரி அணைந்திருக்கும், மருந்தில் ஈரம் கோத்திருக்கும், அல்லது கரி படிந்து பக்கத்துளை அடைத்திருக்கும். துளை அடைத்தால் வெளியே மருந்து பொசுங்கும், குழலுக்குள் தீ போகாது. ஈரத்துக்குக் காரணம் பெரும்பாலும் வெடியுப்புதான். சரியாகக் காய்ச்சிச் சுத்தம் செய்யாவிட்டால், அதில் கலந்திருக்கும் மற்ற உப்புகள் காற்றின் ஈரத்தை இழுத்துவிடும்.

ஐப்பசி மழையில் சுடாத துப்பாக்கி வெறும் தடி. 1801 பாஞ்சாலங்குறிச்சிப் போர் வரை நம்மவர்கள் நீண்ட ஈட்டியை விடவில்லை. அதைப் பழமை என்று சொல்லிவிடுகிறோம். மழையையும் யோசித்துத்தான் வைத்திருந்தார்களோ என்று எனக்குத் தோணுது.