மேக்: எழுதப்படாத சார்புகளின் வரலாறு

கணினியின் வரலாற்றை எழுதுபவர்கள் நிரல்மொழிகளைப் பற்றியும் இயங்குதளங்களைப் பற்றியும் விரிவாக எழுதுகிறார்கள். நிரலாளர் எழுதிய ஆயிரக்கணக்கான கோப்புகளைச் சேர்த்து ஓடக்கூடிய மென்பொருளாகக் கட்டித்தரும் கருவிகளுக்கு அந்த வரலாற்றில் ஓர் அடிக்குறிப்பின் இடம்தான் கிடைக்கிறது. ஆனால் மனிதர்கள் எதைச் சொல்கிறார்கள், எதைச் சொல்லாமலேயே விளங்கும் என்று விட்டுவிடுகிறார்கள் என்பதை இந்தக் கருவிகளின் கதையில் பார்ப்பதுபோல் வேறெங்கும் தெளிவாகப் பார்க்க முடியாது.

1976ஆம் ஆண்டு, அமெரிக்காவின் பெல் ஆய்வகம். யூனிக்ஸ் வளர்ந்துகொண்டிருந்த காலம். ‘யாக்’ என்ற புகழ்பெற்ற கருவியை எழுதிய ஸ்டீவ் ஜான்சன், விதியை நொந்தபடி ஸ்டூவர்ட் ஃபெல்ட்மனின் அறைக்குள் நுழைந்தார். ஒரு காலைப்பொழுது முழுவதையும் பிழை தேடியே தொலைத்திருந்தார். நிரலில் பிழையே இல்லை. அதை முன்பே திருத்தியாகிவிட்டது. திருத்திய கோப்பு மறுபடி கம்பைல் செய்யப்படாததால் பழைய வடிவமே மென்பொருளுக்குள் உட்கார்ந்திருந்தது. ஃபெல்ட்மனும் முந்தைய நாள் மாலை இதே போன்ற தொல்லையில் சிக்கியிருந்தார். எந்தக் கோப்பு எதைச் சார்ந்தது என்பதைத் தானே ஆராய்ந்து கண்டுபிடிக்கும் கருவி ஒன்றைச் செய்யலாம் என்று முதலில் எண்ணினார். பிறகு அந்தப் பெரிய திட்டம் சுருங்கிச் சுருங்கி, அந்த வார இறுதியிலேயே எளிய நிரலொன்றாக உருவெடுத்தது. அதன் பெயர் ‘மேக்’. இந்தப் பணிக்காக 2003இல் ஏ.சி.எம். அமைப்பின் மென்பொருள் விருது ஃபெல்ட்மனுக்குக் கிடைத்தது.

சுருங்கியபோது கைவிடப்பட்டது எது என்பதைக் கவனிக்க வேண்டும். சார்புகளைத் தானாகக் கண்டுபிடிக்கும் பொறுப்பு கருவியிடமிருந்து மனிதனுக்கு மாறியது. நிரலாளர் ‘மேக்ஃபைல்’ என்ற கோப்பில், இது அதைச் சார்ந்தது, இதை உண்டாக்க இந்தக் கட்டளையை ஓட்டு என்று எழுதிவைப்பார். மேக் கோப்புகளின் நேர முத்திரைகளை ஒப்பிட்டு, பழையதாகிப்போனவற்றை மட்டும் மீண்டும் உண்டாக்கும். எழுதியதை மேக் நம்பும். எழுதாததைப் பற்றி அதற்கு ஒன்றும் தெரியாது.

ஒரு நூலின் தயாரிப்பை எண்ணிப் பாருங்கள். பக்க எண்கள் உறுதியான பிறகே சொல்லடைவைத் தயாரிக்க முடியும். அட்டையின் ஓவியமோ எதற்காகவும் காத்திருக்க வேண்டியதில்லை. வேலைகளுக்கிடையே இப்படி முழுமையற்ற ஒரு வரிசை இருக்கிறது: சில ஒன்றையடுத்து ஒன்றாகத்தான் நடக்க வேண்டும், சில எப்போது வேண்டுமானாலும் நடக்கலாம். இத்தகைய சார்புகளின் வலையிலிருந்து செய்யத்தக்க வரிசையொன்றைப் பெறும் முறையை ஆர்தர் கான் 1962லேயே வெளியிட்டிருந்தார். மேக் செய்ததும் சாராம்சத்தில் அதுதான்.

தொல்லை எங்கே ஒளிந்திருந்தது என்றால், அன்றைய மேக் ஒரு நேரத்தில் ஒரு வேலையை மட்டுமே செய்தது. தேவையானவற்றை எழுதிய வரிசைப்படி, இடமிருந்து வலமாக எடுத்துக்கொண்டது. ஆகவே நிரலாளர் சார்பு ஒன்றை எழுத மறந்தாலும், பெயர்களைத் தற்செயலாகச் சரியான வரிசையில் அடுக்கியிருந்தால் போதும், எல்லாம் சரியாக நடந்தது. எழுதப்படாத சார்பை எழுதப்பட்ட வரிசை காப்பாற்றியது. பிழை இருந்தது, அதைக் காட்டிக்கொடுக்கத்தான் யாருமில்லை.

காட்டிக்கொடுத்தது வேகத்தின் மீதான ஆசை. 1980களின் பிற்பகுதியில் பெர்க்லி பல்கலைக்கழகத்தில், ஜான் ஔஸ்டர்ஹவுட் தலைமையில் உருவான ஸ்ப்ரைட் இயங்குதளத்துக்காக ஆடம் டி போர் ‘பிமேக்’ என்ற கருவியை எழுதினார். ஒன்றையொன்று சாராத வேலைகளை அது ஒரே நேரத்தில் பல கணினிகளுக்குப் பிரித்துக்கொடுத்தது. க்னூ மேக்கிலும் ‘ஜே’ என்ற ஓரெழுத்துக் கட்டளை அதே வசதியைத் தந்தது. ஒரு மேக் இன்னொரு மேக்கை அழைக்கும்போது வேலைகளின் எண்ணிக்கை கட்டுமீறாமலிருக்க, 1999இல் வந்த 3.78ஆம் பதிப்பில் அழகான ஏற்பாடு ஒன்று சேர்ந்தது. பொதுவான குழாய் ஒன்றில் சில எழுத்துகள் போடப்பட்டிருக்கும்; வேலை தொடங்க விரும்பும் மேக் அதிலிருந்து ஓர் எழுத்தை எடுத்துக்கொண்டு, வேலை முடிந்ததும் திருப்பிப் போட்டுவிட வேண்டும். 2005இல் இரட்டைக் கரு கொண்ட சில்லுகள் மேசைக்கணினிகளுக்கும் வந்துசேர்ந்தன. அதன்பின் இணையாகக் கட்டுவது சிலரின் சொகுசு என்ற நிலை மாறி அன்றாட வழக்கமாயிற்று.

அதோடு விசித்திரமான தோல்விகளும் வந்தன. பத்து முறை கட்டினால் ஒருமுறை தோற்கும். மறுபடி ஓட்டினால் வென்றுவிடும், ஏனெனில் முதல்முறை கிடைக்காத கோப்பு அதற்குள் உருவாகிவிட்டிருக்கும். நிரலாளர் தோளைக் குலுக்கிவிட்டு நகர்ந்துவிடுவார். தோல்வியாவது பரவாயில்லை. பாதி எழுதப்பட்ட கோப்பையோ, முந்தைய நாளின் பழைய கோப்பையோ எடுத்துக்கொண்டு, எந்தப் புகாரும் இல்லாமல் கட்டி முடிக்கப்பட்ட மென்பொருள்தான் ஆபத்தானது. நிரலைப் படித்துப் பார்ப்பவருக்கு அதில் குறை தெரியாது. ஜான்சன் தொலைத்த அந்தக் காலைப்பொழுது வேறு உருவில் திரும்பி வந்தது எனலாம்.

இந்தத் திரும்பிவருதலில் ஒரு முரண்நகையும் உண்டு. இணைக்கட்டுமானப் பிழைகளின் பாடநூல் உதாரணங்களில் ஒன்று ஜான்சனின் யாக்கையே சுற்றி அமைந்தது. யாக் ஒருமுறை ஓடினால் நிரல்கோப்பு, தலைப்புக்கோப்பு என இரண்டு கோப்புகளை உண்டாக்க முடியும். மேக்கின் பழைய இலக்கணத்தில் ஒரே விதியின் தலையில் இரண்டு பெயர்களை எழுதினால், அது இரண்டு தனித்தனி விதிகளாகவே பொருள்படும். வேலைகள் ஒவ்வொன்றாக நடந்தவரை இதனால் பெரிய தீங்கில்லை. இணையாக ஓட்டியபோது இரண்டு யாக்குகள் ஒரே நேரத்தில் கிளம்பி ஒன்றின் கோப்பின் மேல் மற்றொன்று எழுதின. இவை இரண்டும் ஒரே செயலின் பிள்ளைகள் என்று சாதாரண விதியிலேயே சொல்வதற்கான குறியீடு, 2020இல் வெளியான க்னூ மேக் 4.3இல்தான் கிடைத்தது.

வேறு சில பிழைகளுக்கும் இப்படியே மொழியில் இடம் தேட வேண்டியிருந்தது. ஒரு கோப்பை வைக்க அடைவு முதலில் இருக்க வேண்டும். ஆனால் அடைவின் நேர முத்திரை மாறுவதாலேயே கோப்பை மீண்டும் உண்டாக்கத் தேவையில்லை. ‘முன்னால் நடக்க வேண்டும், அவ்வளவுதான்’ என்ற இந்த நுண்மையான சார்பைச் சொல்லும் வழி 2002இல் 3.80ஆம் பதிப்பில் வந்தது. கட்டும்போதே உருவாகும் தலைப்புக்கோப்புகள் இன்னொரு சிக்கல். எந்தத் தலைப்புக்கோப்புகளைப் படித்தேன் என்று கம்பைலரே குறித்துவைக்கும்தான். ஆனால் அந்தக் குறிப்பு முதல்முறை கம்பைல் செய்த பிறகே கிடைக்கும். முதல் கட்டுமானத்துக்கு மனிதன்தான் வரிசையைச் சொல்லியாக வேண்டும்.

ஆஸ்திரேலியரான பீட்டர் மில்லர் 1998இல் வெளியிட்ட கட்டுரை, சிக்கலின் வேரை வேறோர் இடத்தில் காட்டியது. பெரிய மென்பொருள்களில் அடைவுக்கு ஒரு மேக்ஃபைல் வைத்து, மேலேயிருக்கும் மேக் ஒவ்வோர் அடைவாக நுழைந்து வருவது வழக்கம். அப்போது எந்த மேக்கும் முழு வலையைப் பார்ப்பதில்லை. தன் வீட்டுக்குள்ளிருக்கும் உறவுகள் மட்டுமே அதற்குத் தெரியும். அடுத்த வீட்டோடு உள்ள உறவை, எந்த அடைவுக்குள் முதலில் போவது என்ற வரிசையைக் கொண்டு மனிதர் ஒப்பேற்றுகிறார். குற்றம் மேக்கினுடையது அல்ல, அதற்கு அரைகுறை வரைபடத்தைக் கொடுத்தவர்களுடையது என்றார் மில்லர். முழு வரைபடத்தையும் ஒரே மேக்குக்குக் கொடுங்கள் என்பது அவர் சொன்ன தீர்வு.

சுலபமான தீர்வு ஒன்று எப்போதும் கைவசம் இருந்தது: இணையாக ஓட்டாதே. இதற்கென்றே மேக்ஃபைலில் எழுதத்தக்க ஒற்றைச் சொல் உண்டு. அவசரத்துக்கு அது உதவும், மறுப்பதற்கில்லை. ஆனால் அது பிழையைத் திருத்துவதில்லை. பழைய மறைவிடத்துக்கே திருப்பி அனுப்புகிறது. நேற்று ஒரு சொல்லை இடம் மாற்றியதால் நாளை அது மீண்டும் வெளிவரலாம்.

மறுபுறம், ஃபெல்ட்மன் கைவிட்ட முதல் கனவுக்கே சிலர் திரும்பினார்கள். ஸ்ப்ரைட்டை நடத்திய அதே ஔஸ்டர்ஹவுட் 2002இல் எலெக்ட்ரிக் கிளவுட் நிறுவனத்தைத் தொடங்கினார். ஒவ்வொரு வேலையும் எந்தெந்தக் கோப்பைத் தொடுகிறது என்று அதன் கருவி கண்காணித்தது. முந்திக்கொண்டு பழையதைப் படித்துவிட்ட வேலையை மறுபடி ஓடச் செய்தது. 2015இல் கூகுள் வெளியிட்ட பேசல், எழுதப்படாத கோப்பு கண்ணுக்கே தெரியாதபடி வேலைகளை அடைத்துவைக்கும் வழியைக் கைக்கொண்டது.

இவற்றுக்கு நடுவே என்னை மிகவும் கவர்ந்தது 2022 அக்டோபரில் க்னூ மேக் 4.4இல் சேர்ந்த ஒரு சிறு வசதி. செர்கெய் ட்ரோஃபிமோவிச் என்ற நிரலாளரின் பங்களிப்பு அது. தேவையானவற்றின் வரிசையை மேக் வேண்டுமென்றே சீட்டுக்கட்டைப்போல் கலைத்துவிடும். ஒரு நேரத்தில் ஒரே வேலையை ஓட்டினாலும்கூட, எழுதப்படாத சார்பு அகப்பட்டுக்கொள்ள வாய்ப்புண்டு. தோற்றால் எந்தக் கலைப்பில் தோற்றது என்ற எண்ணையும் சொல்லும். அதே எண்ணைக் கொடுத்து அதே வரிசையை மீண்டும் பெறலாம். பத்தில் ஒருமுறை வந்து மறைந்த பிழையை இப்போது பிடித்து நிறுத்திவைத்துப் பார்க்க முடிகிறது.

வரிசை கலைந்த பிறகும் நிற்பது எதுவோ அதுவே சரியாக எழுதப்பட்டது. இணைச்செயல் புதிய பிழைகளைக் கொண்டுவந்தது என்று சொல்வது வழக்கம். அவற்றில் பல புதியவையல்ல. ஒன்றன்பின் ஒன்றாக நடந்துகொண்டிருந்த காலத்தின் பழக்கத்தை நாம் உறவு என்று நம்பியிருந்தோம், அவ்வளவுதான்.